சென்னை இராணுவத்தில் ஆட்சேர்ப்பும் படைவிட்டோடலும்

சென்னை இராணுவத்தில் ஆட்சேர்ப்பும் படைவிட்டோடலும் என்னும் இக்கட்டுரை, பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னை மாகாணப் படை உருவான 1746 முதல் 1809 வரையான காலப்பகுதியில் அப்படைக்கு ஆள் திரட்டப்பட்ட முறையையும், திரட்டப்பட்டவர்கள் படையை விட்டு நீங்கிய அல்லது கலகம் செய்த நிகழ்வுகளையும் குறித்ததாகும். கருநாடகப் போர்கள், மைசூர்ப் போர்கள், பாளையக்காரர் போர்கள் ஆகியவை அடுத்தடுத்து நடந்த இக்காலத்தில் தமிழகத்தில் நிலையான ஆட்சி எதுவும் இருக்கவில்லை. ஒரே போர்வீரன் சில ஆண்டுகளுக்குள் ஆற்காட்டு நவாப்பிடமும், பிரெஞ்சுக்காரரிடமும், ஆங்கிலேயரிடமும், ஐதர் அலியிடமும் சம்பளம் வாங்குவது அரிதான செய்தியன்று.

இதே காலத்தின் நடுப்பகுதியில் வட அமெரிக்காவில் பதின்மூன்று குடியேற்றங்கள் பிரித்தானியாவுக்கு எதிராக எழுந்தன. அங்கும் ஆள் கிடைக்காமை, சம்பள நிலுவை, படையை விட்டு ஓடுதல் ஆகியவை இரு தரப்பையும் வாட்டின. இவ்விரு களங்களும் தொடர்பற்றவை அல்ல. அத்தொடர்பு கீழே உரிய இடத்தில் கூறப்படுகின்றது.

புவியியற் பின்னணி

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையே படையின் தலைமையிடமாக இருந்தபோதிலும், களப்படை கூடுவதும் பாளையம் இறங்குவதும் பெரும்பாலும் கோட்டைக்குத் தெற்கே பரங்கிமலையிலும் அதனைச் சுற்றியுள்ள வெளிகளிலும் நடைபெற்றன. பின்னர் பல்லாவரம், பூவிருந்தவல்லி, வாலாசாபாத் ஆகிய ஊர்களிலும் படைப்பாசறைகள் அமைந்தன. பரங்கிமலை பீரங்கிப் படையின் இருப்பிடமாகவும், பூவிருந்தவல்லி ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்திறங்கும் புதிய வீரர்களைத் தங்க வைக்கும் இடமாகவும் விளங்கின. பல்லாவரத்தில் சிப்பாய்ப் படைகளும், காலப்போக்கில் ஓய்வூதியம் பெறும் முதிய சிப்பாய்களின் குடும்பங்களும் தங்கின.

இன்றைய தாம்பரம், முடிச்சூர், மண்ணிவாக்கம், வண்டலூர் முதலிய ஊர்கள், பரங்கிமலையிலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் பெருவழிக்கும் வாலாசாபாத் வழியாகக் காஞ்சிபுரத்துக்குச் செல்லும் வழிக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் உள்ளன. நவாப் முகமது அலி 1763-இல் கம்பனிக்கு வழங்கிய செங்கல்பட்டுச் சாகீரில் இப்பகுதி அடங்கியிருந்தது. படை புறப்படும்போதும் தோற்றுத் திரும்பும்போதும் இப்பகுதியின் ஊடாகவே சென்றது என்பதால், போரின் சுமை இங்குள்ள சிற்றூர்கள் மீது முதலில் விழுந்தது.

தொடக்கம்

1746-க்கு முன்னர் கோட்டையிற் கம்பனி வைத்திருந்த காவற்படை மிகச் சிறியது. இங்கிலாந்திலிருந்து வந்த ஐரோப்பியர் சிலரும், போர்த்துக்கேய வழிவந்த கிறித்தவர்களான தொப்பாசிகளும், உள்ளூர்ச் சேவகர்களுமே அதிலிருந்தனர். சேவகர்கள் வாளும் கேடயமும் ஈட்டியும் ஏந்தி, பண்டசாலைகளைக் காப்பதும் கடிதம் கொண்டுபோவதுமாக இருந்தனர். இவர்களைப் போர்வீரர் எனக் கொள்வது பொருந்தாது.

இந்நிலையை மாற்றியது 1746-ஆம் ஆண்டு. செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையிலான பிரெஞ்சுக் கடற்படை சென்னையைக் கைப்பற்றியது. அதனை மீட்க வந்த நவாப்பின் மகன் மாபூசு கானின் பத்தாயிரம் பேர் கொண்ட படையை, அடையாற்றங்கரையில் பிரெஞ்சு வீரரும் அவர்களிடம் பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்களுமாக ஆயிரம் பேர் அளவிலான படையொன்று சிதறடித்தது. ஒழுங்காகப் பயிற்சி பெற்றுச் சீராகச் சுடும் சிறு காலாட்படை, பெருங்குதிரைப் படையை வெல்லும் என்பது அன்று தென்னிந்தியா முழுவதும் தெரிந்துபோயிற்று. அதன் பிறகு துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஆளுக்கு ஒரு சந்தை உருவானது எனக் கூறுவது மிகையாகாது.

ஆங்கிலேயரும் கூடலூர் அருகிலுள்ள புனித தாவீது கோட்டையில் சிப்பாய்களைச் சேர்க்கத் தொடங்கினர். இவர்களுள் ஒரு பகுதியினர் மலபார்க் கரையிலுள்ள தலச்சேரியிலிருந்து அழைத்து வரப்பட்டனர். 1748-இல் இசுட்ரிங்கர் லாரன்சு படைத்தலைமை ஏற்ற சிறிது காலத்தில், தலச்சேரிச் சிப்பாய்களின் தலைவன் முதற்சண்டையிலேயே தன் ஆட்களுடன் பிரெஞ்சுப் பக்கம் சென்றுவிடத் திட்டமிட்டிருந்தது வெளிப்பட்டது. ஆங்கிலேய ஆளுநரின் மொழிபெயர்ப்பாளர் ஒருவரே புதுச்சேரியில் தூப்ளேயின் மனைவியுடன் மறைவாகத் தொடர்பு வைத்திருந்ததும் தெரியவந்தது. குற்றவாளிகள் அத்திலாந்திக் பெருங்கடலிலுள்ள செயிண்ட் எலனா தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அங்கிருந்து ஊர் திரும்ப வழியே இல்லை என உணர்ந்த அவர்களுட் சிலர், ஒருவருக்கொருவர் துணை செய்து உயிரை மாய்த்துக்கொண்டனர் என வரலாற்றாசிரியர் இராபர்ட்டு ஓர்ம் எழுதியுள்ளார். சென்னை இராணுவத்தின் வரலாறு ஏறத்தாழ இந்நிகழ்வோடுதான் தொடங்குகின்றது.

ஆட்சேர்ப்பு முறை

தொடக்கத்தில் கம்பனி தனித்தனி ஆட்களைச் சேர்க்கவில்லை. ஒரு சமேதார் அல்லது சுபேதார் தன்னைச் சார்ந்த ஐம்பது, நூறு பேருடன் வந்து சேருவார். சம்பளம் அவர் கையிலேயே கொடுக்கப்பட்டது. அவர் தன் ஆட்களுக்குப் பங்கிட்டார். இதனால் இல்லாத ஆளுக்குப் பெயர் எழுதிச் சம்பளம் வாங்குவது பெருவழக்காக இருந்தது. தலைவன் வேறிடம் போனால் அவனுடன் கூட்டமும் போயிற்று. இவ்வாறு போவதை அவர்கள் இரண்டகமாகக் கருதியிருக்க வாய்ப்பில்லை. பாளையக்காரரிடமும் நவாப்பிடமும் காலங்காலமாக இருந்துவந்த வழக்கமே அது. சம்பளம் நின்றால் உப்பிட்ட கடனும் நின்றது.

1750-களின் இறுதியில், லாலியின் முற்றுகையை ஒட்டிய ஆண்டுகளில், சிப்பாய்கள் முறையான பட்டாளங்களாகப் பிரிக்கப்பட்டு அவற்றின் மீது ஐரோப்பிய அதிகாரிகள் அமர்த்தப்பட்டனர். பெயர்ப்பட்டியல், சீருடை, மாதச் சம்பளம், படைவிதிகள் ஆகியன வந்தன. 1754-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் கம்பனிப் படைகளுக்கென இயற்றிய கலகச் சட்டம், படையை விட்டு ஓடுவோரைப் படைநீதிமன்றத்தில் நிறுத்தி மரண தண்டனை வரை விதிக்க இடமளித்தது. முன்பு வேலை மாறுதலாக இருந்த செயல், இப்போது குற்றமாயிற்று.

படையிற் சேர்ந்தோர் பல சமூகத்தினர். முசுலிம்கள், தெலுங்கர், தமிழர், பறையர் எனப் பலரும் தொடக்கத்தில் ஒரே அணியில் நின்றனர். வங்காளப் படையைப் போல உயர்சாதிப் படையாகச் சென்னைப் படை ஒருபோதும் இருந்ததில்லை. மற்றொரு வேறுபாடும் குறிப்பிடத்தக்கது. சென்னைச் சிப்பாய் தன் குடும்பத்தை உடன் அழைத்துச் சென்றான். மனைவியும் மக்களும் பெற்றோரும் பட்டாளத்தின் பின்னாலேயே நடந்தனர். சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளைச் சிறு சம்பளத்தில் பட்டியலிற் சேர்த்துப் பிற்காலச் சிப்பாய்களாக வளர்க்கும் முறையும் நடைமுறைக்கு வந்தது. குடும்பம் பாசறையில் இருக்கும்வரை சிப்பாய் ஓடமாட்டான் என்பது கம்பனியின் கணக்கு. அக்கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் குடும்பத்தைப் பிரித்துக் கப்பலேற்ற முயன்றபோது அதுவே எதிர்ப்புக்கும் காரணமாயிற்று.

சிப்பாயின் சம்பளம் மாதம் இரண்டு வராகன் அளவினது. இது ஏறத்தாழ ஏழு ரூபாய்க்குச் சமம். களத்தில் இருக்கும்போது இதனுடன் படிக்காசும் உண்டு. இன்றும் ஓட்டுநர்களுக்கும் பயணப்படும் ஊழியர்களுக்கும் அளிக்கப்படும் ‘பேட்டா’ என்னும் சொல், இப்படைகள் வழங்கிய வழக்கேயாகும். ஏழு ரூபாய் என்னும் தொகை அக்கால உழவுக்கூலியோடு ஒப்பிடக் குறைந்ததன்று. அது மாதந்தோறும் கைக்கு வந்து சேராததே சிக்கலாக இருந்தது.

ஐரோப்பிய வீரர்களின் நிலை இதனினும் மோசமானது. இலண்டனில் ஆள்பிடிக்கும் தரகர்கள் கடனில் மூழ்கியவர்களையும் குடிபோதையில் இருந்தவர்களையும் கையெழுத்திட வைத்து, கப்பல் புறப்படும்வரை அடைத்து வைத்தனர். சென்னை வந்து சேர்ந்தவர்களுள் ஆங்கிலேயர் மட்டுமின்றி செருமானியர், சுவிட்சர்லாந்தினர், பிரெஞ்சுக்காரர் எனப் பலரும் இருந்தனர். இவர்கள் புதுச்சேரிக்கு ஓடுவதும், புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு வீரர் சென்னைக்கு ஓடிவருவதும் வாடிக்கையாக நடந்தன. இவ்வாறு வந்தவர்களுள் பெயர் பெற்றவர் லியோன் நகரத்தவரான குளோடு மார்ட்டின். பிரெஞ்சுப் படைவீரராக இந்தியா வந்த இவர், 1760-இல் புதுச்சேரி முற்றுகையின்போது ஆங்கிலேயரிடம் சேர்ந்தார். பிற்காலத்தில் கம்பனியின் மேசர் செனரலாக உயர்ந்து, 1800-இல் இலக்னோவில் பெருஞ்செல்வராக இறந்தார். இலக்னோ, கொல்கத்தா, லியோன் ஆகிய நகரங்களிலுள்ள லா மார்ட்டினியர் பள்ளிகள் அவருடைய உயிலின்படி அமைந்தவை. ஓடிப்போனவர் அனைவருக்கும் இத்தகைய நல்லூழ் வாய்க்கவில்லை.

மணிலா சென்ற சிப்பாய்கள்

1762-இல் எசுப்பானியாவுக்கு எதிராகப் போர் மூண்டபோது, பிலிப்பீன்சிலுள்ள மணிலாவைக் கைப்பற்றச் சென்னையிலிருந்து வில்லியம் திரேப்பர் தலைமையில் ஒரு படை அனுப்பப்பட்டது. இதில் ஏறத்தாழ 600 சிப்பாய்களும், முன்பு ஆங்கிலேயரிடம் சேர்ந்திருந்த பிரெஞ்சுக்காரர் சிலரும் இருந்தனர். 1762 அக்டோபரில் மணிலா வீழ்ந்தது. 1764-இல் அமைதி உடன்படிக்கையின்படி நகரம் எசுப்பானியரிடம் திருப்பி அளிக்கப்பட்டுப் படை சென்னைக்குத் திரும்பியது.

சிப்பாய்கள் அனைவரும் திரும்பவில்லை. ஒரு பகுதியினர் படையை விட்டு விலகி, மணிலாவுக்குக் கிழக்கேயுள்ள கயிந்தா என்னும் ஊரில் தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்துகொண்டனர். இவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் இரிசால் மாகாணத்தின் கயிந்தாவிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழ்கின்றனர். தங்கள் முன்னோர் இந்தியச் சிப்பாய்கள் என்னும் நினைவு அங்கே மறையவில்லை. கம்பனியின் ஏட்டில் ஓடிப்போனவர் எனப் பதியப்படும் ஒருவர், வேறோர் ஊரின் வரலாற்றில் முதற்குடியாக இடம்பெறுவதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

கான் சாகிபு

ஆட்சேர்ப்பு, படைவிட்டோடல் ஆகிய இரண்டும் ஒருவர் வாழ்விலேயே சந்திப்பதை மருதநாயகம் என்னும் யூசுப் கானின் வரலாற்றிற் காணலாம். இராமநாதபுரச் சீமையிலுள்ள பனையூரில் வேளாளர் குடியிற் பிறந்து பின்னர் இசுலாத்தைத் தழுவியவர் என மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன. கம்பனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியாக, மக்கள் வழக்கில் ‘கம்மந்தான் கான் சாகிபு’வாக உயர்ந்தார். 1758 டிசம்பர் முதல் 1759 பெப்ரவரி வரை லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, செங்கல்பட்டுக்கும் பரங்கிமலைக்கும் இடையே நின்று பிரெஞ்சுப் படையின் உணவுவழிகளைக் குலைத்தவர்களுள் இவரும் ஒருவர்.

பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நிர்வகிக்க அமர்த்தப்பட்ட யூசுப் கான், அங்கே தன் பொறுப்பிலேயே பெரும்படை திரட்டினார். நவாப்பின் கீழ் அடங்கியிருக்க மறுத்து 1763-இல் கம்பனியை எதிர்த்து நின்றபோது, மார்சான் என்னும் பிரெஞ்சு அதிகாரியின் கீழிருந்த ஐரோப்பியர் பலர் அவருடைய படையில் இருந்தனர். நீண்ட முற்றுகையில் உணவு குன்றவே, அவருடைய அலுவலரும் மார்சானும் கூடி அவரைப் பிடித்து 1764 அக்டோபர் 13 அன்று எதிரியிடம் ஒப்படைத்தனர். இரண்டு நாள் கழித்து மதுரையில் அவர் தூக்கிலிடப்பட்டார். பிறர் படையிலிருந்து வந்தவர்களைக் கொண்டு கட்டிய படை, அதே வழியிற் கலைந்தது.

1776 முதல் 1780 வரை

வட அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலையை அறிவித்தது 1776 சூலையில். அதற்கு அடுத்த மாதம் 24-ஆம் நாள் சென்னையிலும் ஓர் அரசியற் புரட்சி நடந்தது. தஞ்சாவூர் அரசைப் பற்றிய சச்சரவிலும், நவாப் பலரிடம் பட்டிருந்த கடன்களைப் பற்றிய சச்சரவிலும், ஆளுநர் பிகட் பிரபுவை அவருடைய ஆட்சிக்குழுவின் பெரும்பான்மையினரே படையதிகாரிகளைக் கொண்டு கைது செய்தனர். பரங்கிமலையிற் காவலில் வைக்கப்பட்ட அவர், விடுதலை பெறாமலே 1777 மே மாதத்தில் இறந்தார். ஆளுநரையே அதிகாரிகள் சிறைபிடிக்கும் படையில், சிப்பாயிடம் மட்டும் கீழ்ப்படிதலை எதிர்பார்த்தது விந்தையே.

1778-இல் பிரான்சு அமெரிக்கர்களுடன் நட்புடன்படிக்கை செய்துகொண்டது. உடனே கம்பனி இந்தியாவிலுள்ள பிரெஞ்சு இடங்களைத் தாக்கியது. 1778 அக்டோபரில் புதுச்சேரியையும் 1779-இல் மாகேயையும் கைப்பற்றியது. மாகே வழியாகவே ஐதர் அலிக்குப் படைக்கலங்கள் வந்துகொண்டிருந்தன. இதனாற் சினமுற்ற ஐதர், 1780 சூலையில் பெரும்படையுடன் கணவாய்களைக் கடந்து கருநாடகச் சமவெளியில் இறங்கினார். அமெரிக்கப் புரட்சியின் அதிர்வு காஞ்சிபுரம் வரை எட்டியது இவ்வழியிலேதான். தொடர்பு மறுதிசையிலும் இருந்தது. 1782-இல் பென்சில்வேனியாவில் ஆங்கிலேயருக்கு எதிராகப் போரிட்ட கப்பல் ஒன்றுக்கு ‘ஐதர் அலி’ எனப் பெயர் சூட்டப்பட்டிருந்தது.

ஐதரின் வருகைக்குச் சென்னை சற்றும் ஆயத்தமாக இருக்கவில்லை. இத்தனைக்கும் 1769-இலேயே அவர் குதிரைப்படையுடன் பரங்கிமலை வரை வந்து உடன்படிக்கையை வற்புறுத்திப் பெற்றுச் சென்றிருந்தார். பதினோராண்டுகளுக்குப் பிறகும் நவாப்பின் படைகளுக்குச் சம்பளம் பல மாதங்களாக நிலுவையில் இருந்தது. நிலுவை தீராமற் புறப்படமாட்டோம் என நவாப்பின் குதிரைப்படையினர் மறுத்தனர். கோட்டைத் தலைவர்கள் பலர் பணம் பெற்றுக்கொண்டோ அஞ்சியோ ஐதருக்குக் கதவு திறந்தனர்.

எக்டர் மன்றோ பரங்கிமலையிற் படையைக் கூட்டி 1780 ஆகத்து 26 அன்று காஞ்சிபுரம் நோக்கிப் புறப்பட்டார். வடக்கேயிருந்து அவருடன் சேர வந்த கர்னல் பெய்லியின் பிரிவு, துணைக்கு அனுப்பப்பட்டோரையும் சேர்த்து ஏறத்தாழ 3,800 பேர் கொண்டது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தையடுத்த பொள்ளிலூரில் அது முற்றாக அழிக்கப்பட்டது. மன்றோ தம் பெரும்பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகப் பரங்கிமலைக்குப் பின்வாங்கினார். இதே மன்றோதான் 1764-இல் வங்காளப் படையிற் கலகம் செய்த 24 சிப்பாய்களைப் பீரங்கி வாயிற் கட்டிச் சுடச்செய்து ஒழுங்கை நிலைநாட்டியவர் எனப் புகழப்பட்டவர்.

சாகீர் நாட்டுச் சிற்றூர்களை ஐதரின் குதிரைவீரர் எரித்தனர். உழவர்கள் காடுகளுக்கும் சென்னைக்கும் ஓடினர். விளைச்சலின்றிப் பெரும்பஞ்சம் தொடர்ந்தது. சென்னையில் அடைந்திருந்த சிப்பாய்களின் குடும்பங்களும் அரிசியின்றி வாடின.

விசாகப்பட்டினக் கலகம்

பொள்ளிலூர்த் தோல்விக்குப் பின் எங்கிருந்தாவது ஆள் கொண்டுவர வேண்டிய நிலை ஏற்பட்டது. வடசர்க்கார் பகுதியிலுள்ள சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்ப ஆணையிடப்பட்டது. 1780 அக்டோபர் 3 அன்று விசாகப்பட்டினத்தில் அவர்கள் கப்பலேற மறுத்து, அதிகாரிகள் மீது சுட்டனர். அதிகாரிகள் சிலர் கொல்லப்பட்டனர். சிப்பாய்கள் கருவூலத்தைக் கைப்பற்றிக்கொண்டு வெளியேறினர். கடற்பயணத்தின் மீதிருந்த வெறுப்பு, குடும்பத்தைப் பிரிதல், தோற்றுக்கொண்டிருந்த போர் ஆகிய மூன்றும் இங்கே ஒன்றுசேர்ந்தன.

வங்காளத்திலிருந்து கர்னல் பியர்சு தலைமையில் ஏறத்தாழ 5,000 பேர் கொண்ட படை 1781-இல் தரைவழியாக அனுப்பப்பட்டது. வங்காளச் சிப்பாய்களைக் கப்பலேற்ற முடியாது என்பதே தரைவழிக்குக் காரணம். வழியில் பலர் ஓடிப்போயினர். கஞ்சாம் அருகே மார்ச்சு மாதத்தில் வாந்திபேதி கண்டு நூற்றுக்கணக்கானோர் வீழ்ந்தனர்.

சென்னை அரசு மற்றொரு வழியையும் நாடியது. பொள்ளிலூர்ப் போர் நடந்த அதே மாதத்தின் இறுதியில், 1780 செப்டம்பர் 30 அன்று, மண்வெட்டியும் கோடரியும் ஏந்திப் பாதை அமைக்கும் இரண்டு முன்னோடிப் பிரிவுகள் சென்னையில் உருவாக்கப்பட்டன. பிற சிப்பாய்ப் படைகளிற் சாதி வேறுபாடு தலைதூக்கிய பின்னரும் இப்பிரிவுகளிற் பறையர் பெருமளவில் இடம்பெற்றனர். ‘தம்பிகள்’ எனச் செல்லமாக அழைக்கப்படும் இன்றைய மதராசு பொறியியற் படைப்பிரிவின் தோற்றம் இதுவேயாகும்.

அமெரிக்காவில் இதே குளிர்காலத்தில் நடந்ததை இங்கு ஒப்புநோக்கலாம். 1781 சனவரி முதல் நாள் வாசிங்டனின் படையைச் சேர்ந்த பென்சில்வேனியா அணியினர், சம்பளம் வராமையாலும் பணிக்காலம் முடிந்தும் விடுவிக்கப்படாமையாலும் கலகம் செய்து பாசறையை விட்டு வெளியேறினர். அமெரிக்கப் பேராயம் 1776-இலேயே, ஆங்கிலேயருக்காகப் போரிட வந்த செருமானிய வீரர்கள் படையை விட்டு வந்தால் ஆளுக்கு 50 ஏக்கர் நிலம் தருவதாக அறிவித்திருந்தது. இந்தியாவில் அத்தகைய நிலம் கொடுக்கும் நிலையிற் கம்பனியோ ஐதரோ இல்லை. இங்கே ஈர்ப்பாக இருந்தது ரொக்கச் சம்பளம் மட்டுமே.

கடல் கடந்து வந்த படைகள்

அமெரிக்கப் போரால் ஆட்பற்றாக்குறையில் இருந்த பிரித்தானியா, சென்னைக்கு அனுப்பிய படைகளை எளிதில் திரட்டவில்லை. இசுக்காட்லாந்தின் மலைநாட்டில் திரட்டப்பட்ட 78-ஆம் படையணியினர், தங்களைக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு விற்றுவிட்டார்கள் என்னும் வதந்தியை நம்பி 1778-இல் எடின்பரோ அருகே கலகம் செய்து குன்றின் மீதேறி அமர்ந்துகொண்டனர். அவ்வதந்தி பாதி உண்மையாயிற்று. 1781-இல் அவர்கள் இந்தியாவுக்குத்தான் அனுப்பப்பட்டனர். 1782 ஏப்ரலிற் சென்னை வந்து சேர்வதற்குள் இருநூறுக்கும் மேற்பட்டோர் சொறிகரப்பான் நோயால் கடலில் மாண்டனர். அமெரிக்கப் போர் முடியும்வரை எனக் கூறிச் சேர்க்கப்பட்ட 77-ஆம் அத்தோல் படையணியினர், போர் முடிந்தபின் இந்தியாவுக்குக் கப்பலேற ஆணை வந்ததும் 1783 சனவரியில் போர்ட்சுமத்தில் மறுத்தனர். ஒப்பந்தம் அவர்கள் பக்கம் இருந்தமையால் அப்படையணி கலைக்கப்பட்டது. விசாகப்பட்டினச் சிப்பாய்களுக்கு அத்தகைய ஒப்பந்தத்தாள் எதுவும் இல்லை.

அமெரிக்காவில் எசன் நாட்டினர் போலச் சென்னையிலும் செருமானியர் போரிட்டனர். பிரித்தானிய அரசர் மூன்றாம் சார்ச்சு ஆனோவரின் ஆட்சியாளராகவும் இருந்தமையால், அங்கே திரட்டப்பட்ட இரு படையணிகள் சென்னைக்கு வந்து 1783 சூனில் கூடலூர்ப் போரிற் பங்கேற்றன. ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி வந்து சேர்ந்ததும் அம்முற்றுகை பாதியில் நின்றது.

சிறைப்பட்டோர் நிலை

ஐதரிடமும் திப்புவிடமும் சிறைப்பட்டவர்கள் சீரங்கப்பட்டினத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கர்னல் பெய்லி 1782 நவம்பரில் அங்கேயே இறந்தார். பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரன் தாம் கடலிற் பிடித்த ஆங்கிலேயக் கைதிகளை 1782-இல் ஐதரிடம் ஒப்படைத்தது அக்காலத்தில் பெருங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இளம் வயதினர் பலர் மதமாற்றப்பட்டு ‘சேலா’ப் படைகளிற் சேர்க்கப்பட்டனர். இவர்களுள் சேம்சு சுகரி, சேம்சு பிரிசுட்டோ ஆகியோர் பிற்காலத்தில் தப்பி வந்து தம் அனுபவங்களை நூலாக எழுதினர். எதிரிப் படையில் ஆயுதம் ஏந்தியவர் கைதியா, ஓடிப்போனவரா என்னும் வினா அவர்கள் திரும்பியபோது எழுந்தது.

சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களுள் ஒரு பகுதியினர் மைசூர்ப் படையிற் சேர்ந்தனர். மற்றவர்கள் மறுத்துக் கடும் வேலைகளிற் கழித்தனர். இவர்கள் எழுதிய நூல் ஒன்றும் இல்லை. ஆங்கிலேய அதிகாரிகளின் நூல்களில் ஓரிரு வரிகளில் வந்துபோகின்றனர்.

படை கலைந்துவிடுமோ என்னும் அச்சம் ஐதர் பக்கமும் இருந்தது. 1782 டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே பாசறையில் ஐதர் இறந்தபோது, மலபாரிலிருந்து திப்பு வந்து சேரும்வரை அமைச்சர்கள் அச்செய்தியை மறைத்தனர். அவருடைய உடல் கருவூலப் பெட்டி போலக் கோலாருக்கு அனுப்பப்பட்டது.

மருது சகோதரர்களின் அறிக்கை

கம்பனிச் சிப்பாய்கள் தம் படையை விட்டு வருமாறு வெளிப்படையாக அழைத்த மிக முக்கியமான தமிழக ஆவணம், 1801 சூன் 16 அன்று திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட அறிக்கையாகும். சின்ன மருதுவின் பெயரால் வெளியான இவ்வறிக்கை, எல்லாச் சாதியினரையும் முசுலிம்களையும் அழைத்ததோடு நில்லாமல், கம்பனியில் ஊழியம் செய்யும் சுபேதார், சமேதார், அவில்தார், நாயக், சிப்பாய் எனப் பதவி வாரியாகவும் பெயரிட்டு எழுச்சிக்கு அழைத்தது. சென்னை இராணுவத்தின் வலிமை எதில் உள்ளது என்பதை அறிக்கையை எழுதியவர் நன்கறிந்திருந்தார் என்பது இதனால் விளங்கும்.

எனினும் சிப்பாய்கள் பெருமளவில் வெளியேறவில்லை. சம்பளம் இப்போது ஒழுங்காக வந்தது. குடும்பங்கள் பாசறைகளில் இருந்தன. காட்டில் மறைந்து போரிட்ட பாளையக்காரரிடம் மாதச் சம்பளம் தரப் பணமில்லை. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

வேலூர், 1806

பாளையங்கள் ஒடுக்கப்பட்ட பின்னர், வேலையிழந்த பாளையக்காரர் படைவீரர்கள் பலர் கம்பனியிலேயே சேர்ந்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து எடுக்கப்பட்ட இத்தகையோர் 23-ஆம் படையணியின் இரண்டாம் பட்டாளத்தில் மிகுதியாக இருந்தனர். அப்பட்டாளம் 1806-இல் வேலூர்க் கோட்டையில் இருந்தது. தோற்கடித்த ஆட்களையே சம்பளத்துக்கு வைத்துக்கொண்ட கம்பனி, அவர்கள் பழையதை மறந்துவிட்டார்கள் எனக் கருதியது போலும்.

1805 நவம்பரில் தளபதி கிரேடாக் வெளியிட்ட ஆடை விதிகள் நெற்றிச் சமயக்குறிகளையும் காதணிகளையும் தடைசெய்தன. தாடியை மழிக்க ஆணையிட்டன. தோற்குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையையும் திணித்தன. மே மாதத்தில் வேலூரில் ஒரு பட்டாளம் அதனை அணிய மறுத்தபோது, சிலர் சென்னைக்கு அனுப்பப்பட்டுச் சாட்டையடித் தண்டனை பெற்றனர். வாலாசாபாத்துப் பாசறையிலும் முணுமுணுப்பு எழுந்தது. சூலை 10 விடியற்காலையில் வேலூர்ச் சிப்பாய்கள் எழுந்து, 14 அதிகாரிகளையும் 69-ஆம் படையணியைச் சேர்ந்த 115 வீரர்களையும் கொன்றனர். கோட்டையில் திப்புவின் கொடி ஏற்றப்பட்டது. ஆற்காட்டிலிருந்து கில்லெசுப்பியின் குதிரைப்படை சில மணி நேரத்தில் வந்து கோட்டையை மீட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். தப்பியோடியவர்கள் ஊர் ஊராகத் தேடிப் பிடிக்கப்பட்டனர். தொடர்புடைய பட்டாளங்கள் கலைக்கப்பட்டு அவற்றின் எண்களும் நீக்கப்பட்டன. கிரேடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் 1807-இல் திரும்ப அழைக்கப்பட்டனர்.

மூன்றாண்டுகளில், 1809-இல், கலகம் செய்தவர்கள் சிப்பாய்கள் அல்லர். படிக்காசுகளைக் குறைத்த ஆளுநர் சார்ச்சு பார்லோவை எதிர்த்து, மசூலிப்பட்டினம், சீரங்கப்பட்டினம் முதலிய இடங்களில் ஐரோப்பிய அதிகாரிகளே கிளர்ந்தெழுந்தனர். அவர்களுக்குக் கிடைத்த தண்டனை பெரும்பாலும் பதவி நீக்கமே. அதிலும் பலர் பின்னர் மீண்டும் பணியிற் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

பிற்காலம்

1857-இல் வட இந்தியச் சிப்பாய்கள் எழுந்தபோது சென்னை இராணுவம் பெரும்பாலும் அமைதியாக இருந்தது. ஆயினும் அதற்குப் பிந்திய பத்தாண்டுகளில், ‘போர்க்குல’க் கொள்கையை ஏற்ற பிரித்தானிய அதிகாரிகள் தென்னிந்தியரைச் சேர்ப்பதைக் குறைத்து, பஞ்சாபியரையும் கூர்க்கர்களையும் நாடினர். 1880-களிற் சென்னைப் படையின் தலைவராக இருந்த பிரெடரிக்கு இராபர்ட்சு இக்கொள்கையின் முதன்மையான ஆதரவாளர் ஆவார். 1895-இல் மாகாணப் படைகள் நீக்கப்பட்டு ஒரே இந்திய இராணுவம் அமைக்கப்பட்டது. பரங்கிமலையும் பல்லாவரமும் இன்றும் ஒரே பாளைய வாரியத்தின் கீழ் உள்ளன. 1963 முதல் பரங்கிமலையில் இராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி நிலையம் இயங்கி வருகின்றது.